கரடியின் வலது கை

அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் புதிதாக வந்த காவலாளி முதல் நாள் அவளை வாசலில் நிறுத்தி யார் என்று கேட்டார். அடையாள அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்த அவள், அவசரத்தில், "நான் வலது கைங்க" என்றாள். மேலே இருக்கும் யாரோ பெரிய மனிதருக்கு வலது கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். பிறகு விஷயம் தெரிந்தும் அவர் சல்யூட்டை நிறுத்தவில்லை. கரடிக்கு வலது கை என்றால் சும்மாவா என்பார்.

மாலையில் பிள்ளைகளுக்காக ஒளிபரப்பாகும் 'கரடி மாமா கடை' நிகழ்ச்சியில் கடைக்காரராக வருவது ஒரு பொம்மைக் கரடி. பழுப்பு ரோமம், மூக்கு நுனியில் கண்ணாடி, பெரிய பைகள் வைத்த சட்டை. கடை மேசைக்கு மேலே தெரிவது கரடி. மேசைக்குக் கீழே, பார்ப்பவர் கண்ணில் படாமல், இரண்டு பேர் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தன் வலது கையைக் கரடியின் தலைக்குள் விட்டு வாயை அசைப்பார். இடது கையைக் கரடியின் இடது கைக்குள் விடுவார். குரலும் அவருடையதுதான். அவரை எல்லோரும் 'தல' என்று கூப்பிட்டார்கள். வேலையால் வந்த பெயர், மரியாதையாகவும் அமைந்துவிட்டது. அவருக்கு இருப்பதும் இரண்டு கைதான் என்பதால் கரடியின் வலது கைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்.

அங்கே அவள் தையல்காரியாகத்தான் சேர்ந்தாள். பொம்மைகளின் சட்டை, கிழிந்த காது, பிய்ந்த வால் எல்லாம் அவள் பொறுப்பு. தைக்கும்போது நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொள்வது அவள் பழக்கம். வீட்டுக்குப் போய்ச் சமைத்து முடித்த பிறகும் அந்த நூல் விரலிலேயே இருக்கும். ஒருநாள் கரடியின் வலது கை தையல் விட்டுப்போனது. தைத்து முடித்தவள், சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன் கையை உள்ளே விட்டு விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக வலது கை போடும் ஆள் அன்று மாடிப்படியில் விழுந்து சொந்தக் கையை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். தல அந்தப் பக்கமாக வந்தவர் பார்த்தார். "கையை எடுக்காதீங்கம்மா. அப்படியே வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். அன்று உள்ளே விட்ட கை, வருஷக்கணக்காக அங்கேயே இருந்தது.

ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கரடி என்ன செய்கிறது என்று தெரிய, தரையில் வைத்த சின்ன மானிட்டரைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரிவதற்கு நேர்மாறாக அதில் இடமும் வலமும் மாறியிருக்கும். மூக்கைச் சொறியப் போன கை காதைக் குடையும். தல பேசும்போது கை சும்மா இருக்க வேண்டும்; அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கை எதையாவது செய்ய வேண்டும். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து உட்கார்ந்து, அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பது அவர் தோள் அசைவிலேயே அவளுக்குத் தெரியத் தொடங்கியது.

அப்படி ஓர் இடைவெளியில்தான் முதல் திருட்டு நடந்தது. கரடி மேசையில் பத்து பிஸ்கெட்டை வரிசையாக வைத்து எண்ணப் போகிறது. தல பிள்ளைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். கரடியின் வலது கை மட்டும் யாருக்கும் தெரியாத மாதிரி நண்டு போல நகர்ந்து போய், கடைசி பிஸ்கெட்டை எடுத்துச் சட்டைக்குள் தள்ளிவிட்டது. ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்பது வரை எண்ணிய தல, ஒரு நொடி திகைத்தார். பிறகு கரடியின் குரலில், "பத்தைக் காணோம்" என்றார். கேமரா பிடிப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதிலிருந்து அது வாடிக்கையானது. கரடி பாடம் நடத்தும். வலது கை தன் போக்கில் திரியும்.

அந்த நண்டு நடை அவள் வீட்டில் பார்த்தது. வீட்டில் இருந்தது நான்கு பேர்: அவள், பேருந்து ஓட்டும் கணவன், ஐந்து வயது மகள், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார். மாமனாருக்குச் சர்க்கரை. பிஸ்கெட்டைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவரும் தொட மாட்டார், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை. பிறகு பார்வை ஜன்னலில் இருக்கும், முழங்கை அசையாது, விரல்கள் மட்டும் மேசைமேல் நடந்து போய்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைக் கைக்குள் செருகிவிடும். தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இதை எத்தனையோ தடவை கவனித்திருந்தாள். ஒரு தடவையும் காட்டிக்கொடுத்ததில்லை.

கரடியின் கை தன் கை என்று வீட்டில் அவள் சொல்லவில்லை. மகள் கரடி மாமாவை உயிருள்ள ஆள் என்று நம்பினாள். இரவு படுக்கும்போது ஜன்னல் வழியாக அவருக்குக் குட் நைட் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கணவனுக்கு மட்டும் தெரியும். மாமனாரிடம் சொன்னால் அடுத்த நிமிடம் பேத்தியின் காதுக்குப் போய்விடும்; அவர் வாயில் எதுவும் தங்காது. ஆகவே டி.வி. ஆபீசில் தையல் வேலை என்பதோடு பேச்சு நின்றது.

நிகழ்ச்சியைப் பேத்திக்குத் துணையாகப் பார்ப்பதாகத்தான் மாமனார் சொல்லிக்கொள்வார். ஆனால் நேரம் ஆவதற்குள் நாற்காலியைப் போட்டுவிட்டு, "வா வா, உங்க மாமா வந்துட்டார்" என்று பேத்தியை அவசரப்படுத்துவது அவர்தான். கடைக்காரக் கரடி ஒருநாள், "நான் என்னைக்கும் கரடி விடமாட்டேன். நானே கரடி, என்னை யாரு விடுறது?" என்றபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் அவர் முழங்காலைப் பிடித்து ஆட்டி, ஏன் தாத்தா சிரிக்கிறீங்க என்று விடாமல் கேட்டாள். கரடி விடுவது என்றால் இல்லாததை இருப்பதாக அளப்பது என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் மகள், "கரடி விடாதீங்க" என்று அதட்டினாள்.

அவருக்கு மிகவும் பிடித்தது வலது கைதான். தலை சுமார்தான், கைதான் விவரமான ஆள் என்று தீர்ப்புச் சொல்வார். "எங்கயோ பாத்த கை மாதிரியே இருக்கு" என்றும் ஒருநாள் சொன்னார். அடுப்படியில் நின்றிருந்த அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயத்தில் கவனமானாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பிள்ளைகள் நிகழ்ச்சிகளுக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார். நேராகப் பேசும் பெண்மணி, யாரிடமும் கத்தியதில்லை. அவர் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலயையும் அவளையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு வகுப்பில் பிள்ளைகளை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக வந்த பிள்ளைகள், ஒன்பது முடிந்ததும் மொத்தமாக எழுந்து, "காணோம்!" என்று கத்தியிருக்கிறார்கள். பக்கத்து வகுப்பிலும் அதே கதை. பத்து என்ற எண்ணே அந்தப் பள்ளியில் இல்லாமல் போயிருந்தது.

தல சிரித்துவிட்டார். பொறுப்பாளர் சிரிக்கவில்லை.

"பெரியவங்க சிரிக்கறதுக்கு நூறு நிகழ்ச்சி இருக்கு. இது ஒண்ணாவது பிள்ளைங்களுக்கு இருக்கட்டுமே" என்றார்.

அவள் மகளும் 'காணோம்' கோஷ்டிதான். முந்தின வாரம் ஜன்னல் கம்பிகளை எண்ணிவிட்டு மகள் அப்படிச் சொன்னபோது, இவள் அம்மாவாக அதட்டுவதை விட்டுவிட்டு ரசித்திருந்தாள். அந்த அறையில் நிற்கும்போது அது உறுத்தியது.

முடிவு எளிமையானதாக இருந்தது. கரடியின் வலது கை இனிச் சட்டைப் பைக்குள் இருக்கும். அசையாமல் இருக்க அதைப் பையோடு சேர்த்துத் தைத்துவிடுவது. கரடியைத் தல ஒருவரே பார்த்துக்கொள்வார். அவள் பழையபடி தையல் அறைக்குப் போகலாம். தைக்க வேண்டியதும் அவள்தான். நிலையத்தில் வேறு தையல்காரி கிடையாது.

வெளியே வந்ததும் தல தரையைப் பார்த்தபடியே, தனக்கு இந்த முடிவு முன்பே தெரியும் என்றும் சொல்ல வாய் வரவில்லை என்றும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. கரடியை மடியில் போட்டுக்கொண்டு, கைக்குள் பஞ்சு அடைத்தாள். எவ்வளவு அடைத்தாலும் அது கை மாதிரி இல்லை. தலையணை மாதிரிதான் இருந்தது. பைக்குள் செருகி ஊசியை எடுத்தாள். வலுவாகத் தைத்தால் துணி பாழாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு நுனியை இழுத்தால் வந்துவிடுகிற ஓட்டுத் தையலாகப் போட்டாள்.

அந்த வாரம் கரடி மாமா பையில் கைவிட்டபடி கடைக்கு வந்தார். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னாச்சு இவருக்கு? வெட்டி ஆபீசர் மாதிரி நிக்கறார்?"

மறுநாளும் பார்த்தார். அடுத்த நாள், கால் மரத்துப்போகிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டார். மகள் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். கரடி பிஸ்கெட்டுகளை எண்ணியது. மகளும் பத்து வரை ஒழுங்காக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டுத் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. சிறிது நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தவள், எழுந்து பொம்மைப் பெட்டியை இழுக்கப் போய்விட்டாள். கரடி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

அடுப்படி வாசலிலிருந்து இதைப் பார்த்தவளுக்கு, தான் எதை இழந்தோம் என்பது அப்போதுதான் பிடிபட்டது. பொறுப்பாளர் சொன்னதில் தப்பில்லை. மகள் பத்து எண்ணிவிட்டாள். ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்தது கரடியை மட்டும் அல்ல. தாத்தா எப்போது சிரிப்பார், அது எதற்காக இருக்கும் என்று அவரையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதைப் பொறுப்பாளரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். எப்படிச் சொன்னாலும் கை போன வருத்தத்தில் பேசுவது போலத்தான் கேட்டது. அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அடுத்த படப்பிடிப்பு, கை கழுவுவதைப் பற்றியது. சாப்பிடும் முன் எப்படிக் கை கழுவ வேண்டும் என்று கரடி மாமா செய்து காட்ட வேண்டும். உண்மையான குழாய், உண்மையான தண்ணீர். ரோமம் நனைந்தால் உடனே ஒற்றி எடுக்க வேண்டுமே என்று, அரங்கத்தின் ஓரத்தில் துண்டோடு அவளை நிற்க வைத்திருந்தார்கள். கதவோரத்தில் பொறுப்பாளரும் நின்றார். பாடத்தை எழுதியவர், சரிபார்த்தவர், அரங்கம் அமைத்தவர் என்று அத்தனை பேர் கைமாறி வந்திருந்தும் ஒரு விஷயம் யாருக்கும் தோன்றவில்லை.

கேமரா ஓடத் தொடங்கியது. கரடி இடது கையால் குழாயைத் திறந்தது. இடது கையால் சோப்பை எடுத்தது. எடுத்த சோப்பை எங்கே தேய்ப்பது என்று தெரியாமல் நின்றது. சோப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தண்ணீரில் காட்டியது. மறுபடி சோப்பை எடுத்தது. ஒரு கையை வைத்துக்கொண்டு கை கழுவ முடியாது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எல்லோரும் அடுத்தவர் சொல்வார் என்று நினைத்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரடி மெதுவாகத் தலையைத் திருப்பியது. அவள் நின்ற ஓரத்தைப் பார்த்தது.

"யாராவது கொஞ்சம் கை குடுங்களேன்" என்றது.

அவள் பொறுப்பாளர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று தெரியும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவுக்குத் தெரியாமல் குனிந்து போய்த் தன் கையை மேசைக்கு மேலே நீட்டினாள். இத்தனை வருஷத்தில் உறை இல்லாமல் அவள் கை அங்கே தெரிந்தது அதுதான் முதல் தடவை. சோப்பை எடுத்துக் கரடியின் உள்ளங்கையில் தேய்த்தாள். புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல் என்று தன் மகளுக்குக் கழுவிவிடுவது போலவே ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

கரடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பெருமூச்சு விட்டது.

"எல்லாரும் என்னைக் கை கழுவிட்டாங்கன்னு நெனச்சேன். இப்படிக் கழுவினா தாராளமா கழுவட்டும்."

கேமராக்காரர் குலுங்கியதில் படமே லேசாக ஆடியது. அவள் கை தண்ணீரை உதறியது. போகிற போக்கில் ஒரு விரல் சோப்பு நுரையைக் கரடியின் மூக்கில் வைத்துவிட்டு மறைந்தது. எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். பொறுப்பாளர் அங்கே இல்லை. எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நல்லது என்றோ கூடாது என்றோ அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் படம் வெட்டப்படாமல் ஒளிபரப்புக்குப் போகிறது என்று தல வந்து சொன்னார். அன்று மாலை அவள் மாமனாரிடம், "மாமா, இன்னைக்கு மட்டும் உக்காந்து பாருங்களேன்" என்றாள். மகள் உடனே எந்த மாமா என்று கேட்டாள். அந்த வீட்டில் 'மாமா' என்றால் எப்போதும் வருகிற கேள்வி அது. மாமனார், கை இல்லாத கரடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கரடி கை கேட்டது. மேசைமேல் ஒரு மனிதக் கை வந்தது. சுண்டுவிரலில் நீல நூல் சுற்றியிருந்தது.

"அம்மா கை" என்றாள் மகள். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "அம்மா, நீ கரடி மாமாவுக்குக் கை கழுவி விட்டியா? சோப்பு அவர் கண்ணுல போச்சா?"

போகவில்லை என்று அவள் சொன்னாள். அது போதுமாக இருந்தது. கரடி மாமா உயிரோடுதான் இருக்கிறார். அம்மா அவருக்கு உதவி செய்திருக்கிறாள். மகள் திருப்தியோடு மறுபடி திரும்பிக்கொண்டாள்.

கரடியின் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்த மாமனார்தான் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நுரை வைத்த விரலையே யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அவள் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பேத்தி முகம் கழுவ எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த பிஸ்கெட்டை நண்டு மாதிரி போய் எடுக்குமே... அது என் கை இல்ல?"

"உங்ககிட்ட எடுத்ததுதான் மாமா."

"கேக்காம எடுத்திருக்கியே."

"பிஸ்கெட்டை மட்டும் நீங்க கேட்டா எடுக்கறீங்க?"

அவர் தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பேத்திக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் சொன்னபோது, தலையை மட்டும் ஆட்டினார். தன் வாயைப் பற்றி அவருக்கே தெரியும். ஆனால் இந்த ஒன்றை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

மறுநாள் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் கரடி உட்கார்ந்திருந்தது, பையில் கைவிட்டபடி.

"தையலைப் பிரிச்சிடுங்க" என்றார். "ஆனா நான் சொன்னது சொன்னதுதான். எண்ணும்போது கை அசையக் கூடாது. பத்து வந்தப்புறம் அது என்ன வேணா செய்யட்டும்."

அவள் சரி என்று கரடியை எடுத்துக்கொண்டாள். கதவுக்குப் போனபோது பின்னாலிருந்து, அன்று தானும் சிரித்துவிட்டதாகவும் அதனால்தான் வெளியே போய்விட்டதாகவும் குரல் வந்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். தையல் அறை வரைக்கும்கூடப் போகாமல், நடைவழியிலேயே நின்று அவள் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. மேசைக்கு அடியில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. கரடி எண்ணிக்கொண்டே போகும். பிஸ்கெட்டுக்குப் பக்கத்தில் கை குப்புறப் படுத்திருக்கும். ஒரு விரல் லேசாகத் துடிக்கும், பிறகு தன்னை அடக்கிக்கொள்ளும். கரடி ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும்.

அது ஒளிபரப்பான மாலை, மாமனார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பாரேன், எவ்ளோ அடக்கமா இருக்கு. ஏதோ திட்டம் போடுது" என்றார். மகள் கரடியோடு சேர்ந்து எண்ணினாள். ஒன்பது வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். கை அசையவில்லை.

"பத்து" என்றாள் மகள்.

அவ்வளவுதான், கை பாய்ந்தது. தாத்தாவும் பேத்தியும் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்த மகள், எண்ணுகிற சூட்டோடு, வீட்டு மேசைமேல் இருந்த தட்டையும் எண்ணத் தொடங்கினாள். அம்மா அதில் ஆறு பிஸ்கெட் வைத்ததை அவள் பார்த்திருந்தாள். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்துக்கொண்டே போனவள் ஐந்தில் நின்றாள்.

மாமனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் திரும்பி அவர் சட்டைக் கையைப் பார்த்தாள். "காணோம்" என்றாள்.